குழாயைச் சுற்றி ஒரு வெட்டு

(அரும்பாவூரில் வீடு கட்டுவோருக்கும் கட்டட வேலை செய்வோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குளியலறைத் தரைக்கு டைல்ஸ் பதிப்பதைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நினைத்திருக்கலாம். இந்த ஊரில் அப்படி நினைக்கத் தேவையில்லை. பச்சைமலை அடிவாரத்தில் வாகையையும் மாவையும் வேம்பையும் உளியால் செதுக்கித் தெய்வமாக்குகிற ஊர் இது. அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே உள்ள பட்டறையில் உளி எடுப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மரத்தின் மேல் நடுக்கோடு விழும். முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று தாள அளவு பிரிப்பார்கள். கை எங்கே வரும், ஆயுதம் எங்கே வரும் என்று கோடு போட்ட பிறகுதான் முதல் சில்லு தெறிக்கும். குளியலறைத் தரையும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கோடு போடாமல் தொடங்கிய தரை எந்த இடத்தில் பல்லிளிக்கும் என்றால், தரைத் தண்ணீர் இறங்கும் டிராப்பைச் சுற்றி, கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி, குழாயைச் சுற்றி. அறையின் நடுவில் முழு டைல்ஸை யாரும் பதித்துவிடலாம். வேலை தெரிந்தவரா இல்லையா என்பது வெட்டுகிற இடத்தில்தான் தெரியும். தண்ணீர் உள்ளே இறங்குவதும் அந்த இடத்தில்தான்.

நம் பக்கத்து வீடுகளில் முப்பது, நாற்பது ஆண்டுக்கு முன்னால் குளிப்பது புழக்கடையில். கிணற்றடியில் ஒரு கல், அல்லது நாலு தட்டி மறைப்பு. தண்ணீர் வாழைக்குப் போகும். அதில் கசிவு என்ற பேச்சே கிடையாது, கசிந்தால் மண் குடிக்கும். பிறகு குளியலறை வீட்டுக்குள் வந்தது, கழிப்பறையும் வந்தது. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார்கள். அந்தத் தொகைக்குள் கட்டிய பல கழிப்பறைகளுக்கு வெறும் சிமெண்ட் தரைதான். இன்று பிள்ளைகள் சம்பாதித்து அனுப்பும் பணத்தில் அதை எடுத்துக் கட்டுகிறார்கள், டைல்ஸ் போடுகிறார்கள், வெஸ்டர்ன் கோப்பை வைக்கிறார்கள். மாடியிலும் குளியலறை வந்துவிட்டது. கீழே இருப்பது இப்போது மண் இல்லை, நாம் படுத்துத் தூங்கும் அறையின் கூரை. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் தண்ணீரின் போக்கைப் பார்ப்போம்.

குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். எவ்வளவு வாட்டம்? கொத்தனார்களின் கணக்கிலேயே சொல்கிறேன். ஓர் அங்குலம் என்பது 8 நூல். அடிக்கு 1 நூலிலிருந்து ஒன்றரை நூல் வரை இறக்கம் இருந்தால் போதும். கதவிலிருந்து டிராப் வரை 6 அடி இருந்தால், முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் வரை இறங்க வேண்டும். இதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். கூடினால் நிற்கிற கால் தரையை நம்பாது. வாளி நகரும், வயதானவர்கள் தடுமாறுவார்கள்.

இந்த வாட்டத்தை டைல்ஸ் ஒட்டும்போது கலவையை ஒரு பக்கம் கூட்டி, ஒரு பக்கம் குறைத்துக் கொண்டுவரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். வாட்டம் அடித்தளத்திலேயே விழ வேண்டும். ஏனென்றால் டைல்ஸ் ஜாயிண்ட் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழே போகும். அடித்தளம் மட்டமாக இருந்தால் அந்தத் தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கியது சுவர் ஏறும். வெளிப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து, வெள்ளை உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்டைக் குறை சொல்லிவிட்டு மறுபடியும் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குளியலறை இருக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். பைப் வேலை முடிந்ததும், டிராப்பைச் சுற்றிக் காலி இடத்தைச் சிறுசல்லிக் கலவையால் இறுக்கமாக அடைத்து, வாட்டம் பிடித்துத் தளம் போட வேண்டும். அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும். டிராப்பின் கழுத்துக்குள்ளும் கொஞ்சம் இறங்க வேண்டும். பிறகு டிராப்பின் வாயை அடைத்துவிட்டு, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். மாடிக் குளியலறை என்றால் கீழே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டு நாளைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். டைல்ஸ்காரருக்கு அடுத்த வேலை காத்திருக்கும், வீட்டுக்காரருக்குப் புதுமனைப் புகுவிழா தேதி குறித்தாகியிருக்கும். தயவுசெய்து அந்த இரண்டு நாளைக் கொடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டுபிடிக்கிற ஒழுக்கை, டைல்ஸை உடைக்காமல் சரிசெய்ய வழி கிடையாது.

இனி கோடு போடுகிற வேலை. இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். அகலம் 5 அடி 4 அங்குலம், நீளம் 7 அடி. ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஜாயிண்ட் இடைவெளியை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் அகலவாக்கில் ஐந்து முழு டைல்ஸ் வரும், எதிர்ச்சுவர் ஓரத்தில் 4 அங்குலத் துண்டு வரும். அந்தத் துண்டு அறை முழுக்க நீளமாக ஓடும். பார்க்கவும் நன்றாயிருக்காது, ஒட்டும் பலமாக இருக்காது. அதற்குப் பதிலாக அறையின் நடுவில் நூல் அடியுங்கள். நடுவில் நான்கு முழு டைல்ஸ் வரட்டும். மீதி 16 அங்குலம் இருபக்கமும் 8, 8 ஆகப் பிரியும். இரண்டு ஓரமும் ஒன்றுபோல நிற்கும். ஓரத்துத் துண்டு பாதி டைல்ஸுக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டால், எந்த அறைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

இதில் செலவு கொஞ்சம் கூடும், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அறையின் பரப்பு 37 சதுர அடிக்குச் சற்று மேல். கடைக்காரர் 38-க்கு எழுதுவார், கூடப் பத்து சதவீதம் சேர்ப்பார். ஆனால் வெட்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு வரிசைக்கு ஆறு டைல்ஸ், ஏழு வரிசைக்கு 42. 8 அங்குலம் வெட்டியபின் மிஞ்சும் 4 அங்குலம் வேறு எங்கும் உதவாது. உடைவுக்கும் பின்னாளைய பழுதுக்கும் நான்கைந்து சேர்த்தால் 46, 47. சதுர அடிக் கணக்கை மட்டும் நம்பி வாங்கியவர்கள்தான் கடைசி நாளில் பெரம்பலூருக்கு ஓடுவார்கள். அப்போது அதே டிசைன் கிடைத்தாலும் அதே நிறம் கிடைக்காது. பெட்டியின் மேல் பேட்ச் எண், ஷேடு எண் போட்டிருக்கும்; ஒவ்வொரு சூளை ஏற்றத்துக்கும் நிறம் ஒரு பொட்டு மாறும்.

இப்போது டிராப்புக்கு வருவோம். டிராப்பின் மேல் வைக்கும் ஜாலி பெரும்பாலும் 5 அல்லது 6 அங்குலச் சதுரம். அதை எங்கே வைப்பது என்று பிளம்பர் ஒருவர் தீர்மானிக்கிறார், அவருக்கு டைல்ஸ் அளவு தெரியாது. பிறகு டைல்ஸ்காரர் வருகிறார், அவருக்கு டிராப்பை நகர்த்த வழியில்லை. இரண்டு பேரும் சந்திக்காமலே வேலை முடிகிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ஒரே காரியம், பைப் போடும் முன்பே டைல்ஸ் அளவைத் தீர்மானித்து, ஒரு தாளில் கட்டம் போட்டு இரண்டு பேர் கையிலும் கொடுப்பது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டம் போட்ட நோட்டு போதும்.

ஜாலியின் ஓரம் டைல்ஸ் ஜாயிண்ட்டோடு சேர்ந்து விழுந்தால் வெட்டு சுலபம். நான்கு டைல்ஸ் சந்திக்கும் முனையை ஒட்டி ஜாலி உட்கார்ந்தால் ஒரே ஒரு டைல்ஸில்தான் மூலையை வெட்டி எடுக்க வேண்டும். டைல்ஸின் நடுவில் விழுந்தால் நடுவே சதுர ஓட்டை போட வேண்டும். அதுவும் செய்யலாம். ஆனால் வாட்டம் நான்கு பக்கமிருந்தும் அந்த இடத்துக்கு வர வேண்டும்; ஒற்றைத் தகடு டைல்ஸ் நான்கு பக்கம் வளையாது. அப்போது டைல்ஸை ஜாலியின் நான்கு முனையிலிருந்து அதன் நான்கு முனைக்குக் குறுக்காகக் கீறி, கடித உறை மடித்ததுபோல நான்கு துண்டாக்கிப் பதிப்பார்கள். ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்திலிருந்து ஜாலியை நோக்கி இறங்கும். இதைச் சுத்தமாகச் செய்கிற டைல்ஸ்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். குளியலறைக்கு 2 அடி டைல்ஸ் வேண்டாம், சிறிய டைல்ஸே போதும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். சிறிய டைல்ஸ் வாட்டத்தோடு வளைந்து கொடுக்கும். ஜாயிண்ட் அதிகமாக இருப்பதால் கால் பிடிப்பும் கிடைக்கும்.

மூலை வெட்டில் ஒரு நுட்பம் உண்டு. இங்கே டைல்ஸ் வேலை பழகும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிரைண்டரை இரண்டு பக்கமிருந்தும் ஓட்டி, உள்மூலையில் இரண்டு வெட்டும் சேர வேண்டும். வட்டு வட்டமானது. ஆகவே மேலே சரியாகச் சேர்ந்திருக்கும், அடியில் கொஞ்சம் பாக்கி நிற்கும். அதைச் சேர்க்க வெட்டை மேலும் ஒரு நூல் நீட்டுவார்கள். அந்த ஒரு நூல் கீறல்தான் விதை. மேலே ஆள் நடக்க நடக்க, அந்த மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி டைல்ஸின் எதிர்முனை வரைக்கும் போகும். இதைத் தவிர்க்க, முதலில் உள்மூலையில் வைர பிட்டால் சிறிய வட்ட ஓட்டை போடுங்கள். இரண்டு வெட்டும் அந்த ஓட்டையில் வந்து முடியட்டும். வளைந்த விளிம்பில் இழுவிசை ஓரிடத்தில் குவியாது, பரவிவிடும். ஐந்து நிமிட வேலை. டைல்ஸின் ஆயுள் முழுக்க அது காவல்.

அடுத்து கோப்பை. இந்தியன் கோப்பைக்கு ஒரு முறை, வெஸ்டர்னுக்கு வேறொரு முறை.

இந்தியன் கோப்பை முதலில் உட்கார வேண்டும், பிறகு அதைச் சுற்றி டைல்ஸ் வரும். கோப்பையின் அடியில் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பாதீர்கள். அது காலப்போக்கில் இறங்கும். கோப்பை இறங்காது, அது பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு விரிசல் விழும். அடியில் கெட்டியாக நிரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோப்பையின் விளிம்பு முடிந்த டைல்ஸ் மட்டத்துக்கு ஒரு நூலோ இரண்டு நூலோ கீழே இருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் சுற்றுத் தரையின் தண்ணீர் கோப்பைக்குள் விழும். விளிம்பு தூக்கி நின்றால் சுற்றிலும் தண்ணீர் தேங்கி, அந்த ஜாயிண்ட்டிலேயே இறங்கும். கோப்பையின் வளைவுக்கு டைல்ஸ் வெட்டுவதற்குக் கண்ணளவு போதாது. டைல்ஸ் வந்த அட்டைப் பெட்டியையே கிழித்து, வளைவில் வைத்து, பென்சிலால் வரைந்து, கத்தரித்துப் பொருத்திப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு அதை டைல்ஸின் மேல் வைத்துக் கோடு இழுங்கள். அட்டையில் தவறு வந்தால் செலவில்லை. வளைவில் ஒரே மூச்சாக வெட்ட முயலாமல், விசிறி மடிப்புபோல அடுத்தடுத்துக் கீறி, குறட்டால் ஒவ்வொன்றாக ஒடித்து, கடைசியில் விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டு, அதில் சிலிக்கான் அடைக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும். நடுவில் சிமெண்ட் வைத்தால் வெடிக்கும்.

வெஸ்டர்ன் கோப்பைக்கு முதலில் தரை முழுக்க டைல்ஸ் முடிய வேண்டும். கோப்பையை வைத்துவிட்டு அதன் காலைச் சுற்றி டைல்ஸ் வெட்டிப் பதிக்கிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு கோப்பை மாற்றினால் அதன் கால் வேறு வடிவம்; பழைய வெட்டு வெளியே தெரியும். வெளியேற்றும் 4 அங்குலப் பைப்புக்கு மட்டும் வட்டம் வெட்டினால் போதும், அது கோப்பைக்கு அடியில் மறைந்துவிடும். கவனிக்க வேண்டியது வேறு. பைப்பின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 9 அங்குலமா 12 அங்குலமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த அளவைச் செங்கல் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. பூச்சும் சுவர் டைல்ஸும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடும். கோப்பையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, முடிந்த சுவரிலிருந்து அளந்து பைப் போடச் சொல்லுங்கள். கோப்பையின் காலை வெள்ளைச் சிமெண்ட் கொட்டிப் புதைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஸ்க்ரூவில் நிறுத்தி, முன்னும் பக்கங்களிலும் சிலிக்கான் போட்டு, பின்பக்கம் இரண்டு அங்குலம் திறந்து விடுங்கள். உள்ளே ஒழுக்கு இருந்தால் அந்த வழியாகத் தெரிந்துவிடும். முழுக்க அடைத்தால் தெரியாமல் தரைக்குள் போகும்.

சுவர் டைல்ஸின் கீழ் வரிசையைக் கடைசியில் பதிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரை டைல்ஸ் சுவர் வரை போய் நிற்கட்டும், சுவர் டைல்ஸ் அதன்மேல் உட்காரட்டும். சுவரில் வழியும் தண்ணீர் தரையின் மேலேயே விழும்.

ஒட்டுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து டைல்ஸை அழுத்துகிற பழக்கம் குளியலறைக்கு ஆகாது. இடையில் காலி நிற்கும், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும், அந்தக் காலியில் தண்ணீர் குடியிருக்கும். ஈரத் தரையில் டைல்ஸின் அடிப்பரப்பில் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. நம் நாட்டிலும் டைல்ஸ் பசைக்கு இந்தியத் தர நிர்ணயம் 15477 என்று ஒன்று இருக்கிறது. மூட்டை வாங்கும்போது அந்த எண்ணையும், எந்த வகை என்பதையும் பாருங்கள். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, பதித்த டைல்ஸில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகு முழுக்க நனைந்திருந்தால் சரி. வழவழப்பான விட்ரிபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. அதற்குப் பசைதான் வேண்டும்.

டைல்ஸ் தேர்வுக்கு வருகிறேன். நமக்குப் பக்கத்தில் விருத்தாசலத்தில் களிமண் வளம் இருக்கிறது, பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்கும் பயிலகமும் இருக்கிறது. இருந்தாலும் கடையில் நாம் பார்க்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறது. எங்கிருந்து வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி, ஈரக்காலில் வழுக்குமா என்பது. ஜெர்மானியர் சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு R9 முதல் R13 வரை என்று தரம் பிரித்திருக்கிறார்கள். எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். R9 போட்ட டைல்ஸைக் குளியலறைத் தரைக்கு வாங்காதீர்கள். R10, R11 கேளுங்கள். கடையிலேயே டைல்ஸின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். ஹாலுக்கு வாங்கிய பாலிஷ் டைல்ஸில் ஒரு பெட்டி மிச்சம், அதைக் குளியலறைக்குப் போட்டுவிடலாம் என்ற யோசனை வீட்டுக்கு வீடு வருகிறது. அந்த ஒரு பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்துக்கு எத்தனை பாட்டிகள், தாத்தாக்கள் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார்கள்! கைப்பிடிக் கம்பியும் ஒன்று பொருத்துங்கள். சுவர் டைல்ஸ் போடும் முன்பே அந்த இடத்தைக் குறித்து, பின்னால் சுவர் கெட்டியாக இருக்கும்படி செய்துகொள்ள வேண்டும்.

இப்போது நம் மண்ணோடு சேர்ந்த ஒரு விஷயம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலாக இருந்தன. காரைப் பக்கத்துப் பள்ளங்களில் நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட் கற்கள் கிடைப்பதும், சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் கிடப்பதும் அந்தக் கடலின் மிச்சம்தான். கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அந்தக் கல்லை நம்பித்தான் கல்லக்குடியில் 1939-இல் சிமெண்ட் ஆலை வந்தது, அரியலூரில் 1979-இல் அரசு ஆலை வந்தது, அதைச் சுற்றி இன்னும் பல ஆலைகள் வந்தன. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு அரைத்தால் சிமெண்ட்.

ஒரு கல் சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க நிலவியல்காரர்கள் என்ன செய்வார்கள்? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு சொட்டு விடுவார்கள். பொங்கி நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். அதே ஆசிட்டைத்தான் வாரம் ஒரு முறை பாட்டிலோடு வாங்கி நாம் குளியலறைத் தரையில் ஊற்றுகிறோம். நம் பகுதி போர்த் தண்ணீர் உப்பு. டைல்ஸில் வெள்ளைத் திட்டு விழுகிறது, ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று போய்விடுகிறது. டைல்ஸின் மேல்பூச்சுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் டைல்ஸுக்கு நடுவில் நாம் அடைத்திருக்கிற சிமெண்ட் கிரவுட்டும் சுண்ணாம்பிலிருந்து வந்ததுதானே. உப்புத் திட்டு கரைவதுபோலவே அதுவும் கரைகிறது. ஊற்றும்போது ஜாயிண்ட்டில் நுரை எழுகிறதே, அது அழுக்குப் போகிற நுரை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆசிட் கடைசியில் ஓடிச் சேரும் இடம் டிராப். ஆகவே டிராப்பைச் சுற்றியுள்ள ஜாயிண்ட்தான் முதலில் குழியாகும். இரண்டு ஆண்டில் அங்கே தீக்குச்சி நுழையும், பிறகு கரப்பான் நுழையும், தண்ணீர் எப்போதோ நுழைந்திருக்கும். நாம் இவ்வளவு பாடுபட்டு வெட்டிப் பதித்த இடம் அது.

ஆகவே டிராப்பைச் சுற்றியும் கோப்பையைச் சுற்றியும் மட்டுமாவது எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். அறை முழுக்க வேண்டாம், அந்த இரண்டு மூன்று சதுர அடிக்குப் போட்டாலே போதும். ஆசிட் அதைத் தொடாது. சாதாரண கிரவுட் உள்ள தரைக்கு ஆசிட்டைக் காட்டவே வேண்டாம். குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டாலே பாதித் திட்டு படியாது. தாய்மார்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

டிராப்புக்குள் 2 அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 2003-இல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. ஆராய்ந்தபோது, குளியலறைத் தரை டிராப்கள் பல வறண்டு கிடந்தன என்று தெரிந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது, வறண்ட டிராப் வழியாகக் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களின் வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! அவற்றின் டிராப்கள் வெயில் காலத்தில் சில வாரங்களிலேயே வற்றிவிடும். சாவி வைத்திருக்கும் உறவினர் விளக்கேற்ற வரும்போது, ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரட்டும்.

பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உடைக்கிற செலவு மிச்சம், தூசி இல்லை. தட்டிப் பார்த்து எல்லாம் கெட்டியாக இருந்தால் ஒட்டலாம். ஆனால் தரை அரை அங்குலம் உயரும். கதவு உரசும். ஜாலி பள்ளத்தில் போய்விடும், அதற்கு மேல் ஏற்றத் துண்டு வைக்க வேண்டும். அறைத் தரையை விடக் குளியலறைத் தரை தாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் போய்விடும். அந்த மூன்றுக்கும் வழி செய்யாமல் இறங்காதீர்கள். என்னைக் கேட்டால், உடைத்துவிட்டு நீர்த்தடுப்பிலிருந்து புதிதாகச் செய்வதே நல்லது.

முடிப்பதற்கு முன் வேலை செய்பவர்களுக்காக வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். டைல்ஸை உலர்வாக வெட்டும்போது கிளம்பும் மாவுத்தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிவிட்டால் எடுக்க மருந்து கிடையாது. சிலிக்கோசிஸ் என்று பெயர். மூச்சு வாங்கும் நோய், வேலைக்குப் போகவிடாத நோய். பையன்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள், அந்தத் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், N95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். தண்ணீரும் கிரைண்டரும் சேரும் இடம் என்பதால் மின்சாரத்துக்கும் காவல் வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் உள்ள இணைப்பிலிருந்துதான் வயர் போக வேண்டும். ஒட்டுப்போட்ட வயரைத் தரையில் போட்டு வேலை நடக்கிறது என்றால் நிறுத்திவிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தரைக்காக ஒருவருடைய மூச்சும் போகக் கூடாது, உயிரும் போகக் கூடாது.

பைப் போட்டதும், தளம் மூடும் முன் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவு நாடா தெரிகிற மாதிரி. மிஞ்சிய டைல்ஸில் நான்கைப் பெட்டியோடு பரணில் போடுங்கள், பேட்ச் எண் கிழியாமல். பத்து வருடம் கழித்து ஒரு குழாய் மாற்ற வேண்டி வந்தால் எங்கே உடைப்பது என்று தெரியும், எதை வைத்து அடைப்பது என்றும் தெரியும்.

கூட்டத்துக்கு வரும்போதே இரண்டு மூன்று பேர் என்னிடம், மாடியில் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருக்கிற குளியலறையை என்ன செய்வது என்று கேட்டார்கள். அதற்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். ஒழுக்கு மழையில் மட்டும் வருகிறதா, குளித்தால் மட்டும் வருகிறதா, யாரும் புழங்காதபோதும் சொட்டுகிறதா என்று சொன்னால், குழாயா, கழிவுப் பைப்பா, டிராப்பைச் சுற்றிய ஜாயிண்ட்டா என்று பிரிக்கலாம். இப்போது ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், பார்ப்போம்.